நிறுவன உளவியலாளர் ஆக வேண்டும்: பி.காம். முடித்தவர் எந்த முதுகலை படிப்பது?

நொய்யல்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் ஹெச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். படித்தது பி.காம். ஆள் எடுப்பது, பி.எஃப்., இ.எஸ்.ஐ., பையர் ஆடிட்டுக்கு ஃபைல் தயார் செய்வது, இதுதான் அன்றாட வேலை.

பண்டிகை முடிந்தால் ஸ்டிச்சிங் பிரிவில் பல மெஷின்கள் காலியாக நிற்கும். ஏன் ஆள் வரவில்லை என்று மேலே கேட்டால் "சம்பளம்தான்" என்று ஒரே பதில். ஆனால் அதே சம்பளத்தில் ஒரு லைனில் டெய்லர்கள் நிலைக்கிறார்கள், பக்கத்து லைனில் நிலைப்பதில்லை. நானும் பெண் என்பதால் லைனில் இருக்கும் அக்காமார் என்னிடம் கொஞ்சம் மனம் விட்டுப் பேசுவார்கள். அவர்கள் சொல்வதில் சம்பளம் ஒரு பகுதிதான். சூப்பர்வைசர் பேசும் விதம், மணிக்கணக்கு டார்கெட், ஒன்றரை ஷிப்ட் எப்போது போடுவார்கள் என்று முன்கூட்டியே தெரியாதது, இவையெல்லாம் வருகின்றன. இதை முறையாக ஆராய்வதற்கென்றே நிறுவன உளவியல் என்று ஒரு துறை இருப்பது தெரிந்தபின், படித்தால் அதைத்தான் படிப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

என் சந்தேகங்கள்: எம்.பி.ஏ. ஹெச்.ஆர். போதுமா, எம்.எஸ்சி. உளவியல்தான் வேண்டுமா? வேலையை விடாமல் தொலைதூரக் கல்வியில் படிக்கலாமா? வெளிநாடு போனால் என்ன வித்தியாசம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ஹெச்ஆர் எழுதியது:

அம்மிணி, ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் நம் ஊரில் "நிறுவன உளவியலாளர் தேவை" என்று விளம்பரம் வந்து நான் பார்த்ததில்லை. வேலைக்கு எடுப்பவர்கள் எம்.பி.ஏ. என்றால் ஃபைலைத் திறப்பார்கள், எம்.எஸ்சி. உளவியல் என்றால் "கவுன்சிலிங்கா?" என்று கேட்பார்கள். நல்ல இடத்தில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு, உளவியலை நீயாகப் படித்துக்கொள்வதுதான் சரி என்பேன். தொழிலாளர் சட்டம், சம்பளக் கட்டமைப்பு, பேச்சுவார்த்தை, இவை தெரியாமல் கம்பெனிக்குள் யாரும் உன் பேச்சைக் கேட்க மாட்டார்கள்.

தரமணி_மேசை எழுதியது:

நான் பயன்பாட்டு உளவியலில் முதுகலை முடித்து, ஆள்தேர்வு மதிப்பீடு செய்யும் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் சென்னையில் இருக்கிறேன். மேலே அண்ணா சொன்னதில் ஒன்று முழு உண்மை: பதவிப் பெயரைத் தேடினால் கிடைக்காது. டேலன்ட் அசெஸ்மென்ட் (திறன் மதிப்பீடு), ஓ.டி. (நிறுவன மேம்பாடு), பீப்பிள் அனலிடிக்ஸ் (ஊழியர் தரவு ஆய்வு), எல் அண்ட் டி (ஊழியர் கற்றல், வளர்ச்சி) என்ற பெயர்களில்தான் இந்த வேலை ஒளிந்திருக்கிறது. "நீயாகப் படித்துக்கொள்" என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. காரணம் சொல்கிறேன்.

இந்தத் துறையின் உயிர் அளவீட்டில் இருக்கிறது. ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்க நாம் பயன்படுத்தும் முறை, அவர் பின்னால் எப்படி வேலை செய்வார் என்பதை உண்மையில் கணிக்கிறதா? ஷ்மிட், ஹன்டர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1998இல் 85 ஆண்டு கால ஆய்வுகளைத் தொகுத்து 19 தேர்வு முறைகளை ஒப்பிட்டார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்பே வரையறுத்தபடி மதிப்பெண் போடும் நேர்காணலுக்கு 0.51 என்ற கெழு வந்தது (0 என்றால் கணிப்பே இல்லை, 1 என்றால் முழுமையான கணிப்பு). மனம் போன போக்கில் பேசும் நேர்காணலுக்கு 0.38. கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்வதற்கு 0.02, அதாவது ஒன்றுமில்லை. 2022இல் சாக்கெட் என்ற ஆய்வாளரின் குழுவினர், அதே கணக்குகளில் எண்களைத் தேவைக்கு மேல் உயர்த்தியிருந்த திருத்தங்களைச் சரிசெய்தபோது எண்கள் இறங்கின. 0.42 பெற்று ஒழுங்குபடுத்திய நேர்காணல் முதலிடத்துக்கு வந்தது. பொது அறிவுத்திறன் தேர்வு 0.51இலிருந்து 0.31க்கு இறங்கியது.

இந்தத் திருத்தம் ஏன் தேவைப்பட்டது, எதில் தகராறு என்று புரிந்துகொள்பவர்தான் ஒரு கம்பெனியிடம் "இந்தத் தேர்வை வாங்காதீர்கள்" என்று ஆதாரத்தோடு சொல்ல முடியும். எம்.பி.ஏ.வில் நடத்தை அறிவியலுக்கு ஓரிரு தாள்கள்தான் வரும். உளவியல் முதுகலையில் சோதனைகளை உருவாக்குவது, நம்பகத்தன்மை (மறுபடி அளந்தாலும் அதே விடை வருகிறதா), செல்லுபடித் தன்மை (அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறதா), ஆய்வு வடிவமைப்பு, ஆய்வேடு என்று அதிலேயே ஊற வேண்டியிருக்கும். மதிப்பீட்டுச் சந்தையில் அழகான அறிக்கையோடு விற்கப்படும் ஆளுமைச் சோதனைகள் ஏராளம். அவற்றில் எதற்கு அடியில் தரவு இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் கண் இந்தப் பயிற்சியில்தான் வரும்.

சட்ட நிலையையும் தெரிந்துகொள்ளுங்கள். 1992ஆம் ஆண்டு சட்டத்தின் கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வுக் குழுமம், உளவியல் துறையில் மருத்துவ உளவியலாளர்களையும் மறுவாழ்வு உளவியலாளர்களையும்தான் பதிவு செய்கிறது. நிறுவன உளவியலாளருக்கு அங்கே இடமில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்கிறார்கள். வார இறுதிச் சான்றிதழ் ஒன்றை வைத்துக்கொண்டு ஊழியர்களின் மனநிலை பற்றி அறிக்கை எழுதுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே கவலை வருகிறது. அந்த அறிக்கையால் ஒருவருக்குப் பதவி உயர்வு போகலாம், வேலையே போகலாம். பெயரைச் சட்டம் காக்காத இடத்தில் பயிற்சியை நாம்தான் கறாராக வைத்துக்கொள்ள வேண்டும்.

காரைக்கால்_காற்று எழுதியது:

தொலைதூரக் கல்வி பற்றி ஒரு முக்கியமான செய்தி. துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021இல் வந்தது. அந்தப் பட்டியலில் உளவியலும் இருப்பதால், 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் தொலைதூர, ஆன்லைன் வழியில் உளவியலுக்குப் புதிய சேர்க்கை கூடாது என்று யு.ஜி.சி. அறிவித்துவிட்டது. இக்னோவின் எம்.ஏ. உளவியலில் தொழில்-நிறுவன உளவியல் ஒரு சிறப்புப் பிரிவாகவே இருந்தது, வேலை பார்த்துக்கொண்டே அதைப் படித்தவர்கள் நிறையப் பேர். புதிதாகச் சேருபவருக்கு அந்த வாசல் மூடியாகிவிட்டது. "இன்னும் சேர்க்கிறோம்" என்று யாராவது போன் செய்தால் யு.ஜி.சி. தளத்தில் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

நேரடி வகுப்பு என்றால் உங்களுக்குப் பக்கத்தில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. பயன்பாட்டு உளவியல் இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் அதே பெயரில் உண்டு. அது மத்தியப் பல்கலை என்பதால் சி.யூ.இ.டி. முதுகலைத் தேர்வு எழுத வேண்டும். டெல்லிப் பல்கலையின் தெற்கு வளாகத்திலும் பயன்பாட்டு உளவியல் எம்.ஏ. உண்டு. சென்னைப் பல்கலையின் உளவியல் துறை 1943இல் தொடங்கிய பழைய துறை.

பி.காம். என்பதால் ஒன்றைக் கவனியுங்கள். சில இடங்களில் எந்தப் பட்டம் இருந்தாலும் எடுப்பார்கள், சில இடங்களில் இளங்கலை உளவியல் கட்டாயம். அந்த ஆண்டின் தகவல் கையேட்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள், அண்ணன் சொன்னார் அக்கா சொன்னார் என்று நம்ப வேண்டாம்.

நொய்யல்கரை எழுதியது:

தொலைதூரக் கல்வி பற்றிச் சொன்னதற்கு மிகவும் நன்றி. ஒரு தனியார் மையத்தில் பேசி வைத்திருந்தேன், இன்றே நிறுத்திவிடுகிறேன். வெளிநாடு பற்றி யாராவது சொல்ல முடியுமா? ஆஸ்திரேலியாவில் இந்தப் பெயருக்கே சட்டப் பாதுகாப்பு இருக்கிறது என்று கேள்விப்பட்டேன்.

யாரா_நதி எழுதியது:

மெல்பனிலிருந்து எழுதுகிறேன். ஆமாம், இங்கே "உளவியலாளர்" என்ற சொல்லே சட்டத்தால் காக்கப்பட்டது. 2010 ஜூலை முதல் நாடு முழுவதற்கும் ஒரே பதிவு முறை. "நிறுவன உளவியலாளர்" என்று சொல்ல அதற்கு மேல் தனி அங்கீகாரம் வேண்டும். மருத்துவம், தடயவியல், நரம்பியல், விளையாட்டு என்று இருக்கும் ஒன்பது துறைகளில் நிறுவன உளவியலும் ஒன்று.

பாதை நீளமானது. அங்கீகரிக்கப்பட்ட இளங்கலை உளவியல் 3 ஆண்டு, நான்காம் ஆண்டு ஆனர்ஸ், பிறகு நிறுவன உளவியலில் 2 ஆண்டு முதுகலை. முதுகலைக்குள்ளேயே களப் பயிற்சி உண்டு. அப்போது தற்காலிகப் பதிவு எடுத்து, மேற்பார்வையாளரின் கீழ் நிறுவனங்களில் வேலை செய்ய வேண்டும். முடித்ததும் பொதுப் பதிவு கிடைக்கும். சிறப்புப் பெயர் வேண்டுமென்றால் அதன்பின் ரெஜிஸ்ட்ரார் காலம் என்ற மேற்பார்வைக் காலம்: முழுநேரமாக 2 ஆண்டு, 3,000 மணி நேரத் தொழில், 80 மணி நேர மேற்பார்வை, 80 மணி நேரத் தொடர் பயிற்சி. கூட்டினால் எட்டு ஆண்டு ஆகிறது. முன்பு நான்கு ஆண்டு படிப்போடு இரண்டு ஆண்டு பயிற்சி என்று ஒரு வழி இருந்தது. அதில் புதிதாகச் சேருவதை 2022 ஜூனோடு நிறுத்திவிட்டார்கள். ஐந்தாம் ஆண்டு முதுகலையும் ஓராண்டுப் பயிற்சியும் சேர்ந்த வழி இன்னும் உண்டு, ஆனால் அது பொதுப் பதிவோடு நின்றுவிடும்.

இன்னொரு கசப்பான விஷயம், இடங்கள் மிகக் குறைவு. 2006 நவம்பரில் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் உளவியல் சிகிச்சைக்குப் பணம் திரும்பத் தரும் திட்டம் வந்தது, மருத்துவ உளவியலாளருக்குக் கூடுதல் தொகை. மாணவர்கள் அந்தப் பக்கம் குவிய, பல்கலைகளும் அதற்கே இடம் ஒதுக்கின. நிறுவன உளவியல் முதுகலை சில இடங்களில் மூடப்பட்டது. மக்வாரி, டீக்கின், குவீன்ஸ்லாந்து, க்ரிஃபித், மேற்கு ஆஸ்திரேலியா போன்ற ஒரு சில பெயர்களைச் சுற்றித்தான் தேட வேண்டும், அவற்றிலும் அந்த ஆண்டு சேர்க்கை உண்டா என்று கேட்டே விண்ணப்பிக்க வேண்டும்.

இந்தியாவில் உளவியல் படித்து வந்தவர்களின் பட்டங்கள் இங்கே எந்த ஆண்டுக்குச் சமம் என்று ஆஸ்திரேலிய உளவியல் சங்கம் தாள் தாளாகப் பார்த்து மதிப்பிடும். உங்களைப் போல வேறு பட்டம் முடித்தவர்களுக்கு உளவியல் இளங்கலைக்கு ஈடான பட்டயப் படிப்பு ஒன்று உண்டு. அதிலிருந்து தொடங்கினால் நான்காம் ஆண்டு, முதுகலை என்று எல்லாவற்றுக்கும் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கட்ட வேண்டிவரும். மாணவர் விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். கடன் வாங்கித்தான் வர வேண்டும் என்ற நிலையில் இருக்கும் ஒருவரிடம் "வா" என்று சொல்ல எனக்கு மனம் வராது.

நல்ல செய்தியும் உண்டு. பணியிடத்தில் உளச்சமூக ஆபத்துகளைக் கண்டறிந்து குறைப்பது முதலாளியின் கடமை என்று 2022இல் மாதிரி விதிகள் வந்தன. நியூ சவுத் வேல்ஸ் அதே ஆண்டு, குவீன்ஸ்லாந்து 2023 ஏப்ரலில், எங்கள் விக்டோரியா 2025 டிசம்பரில் என்று ஒவ்வொன்றாக அமலுக்கு வந்துவிட்டன. அதிக வேலைப் பளு, தெளிவில்லாத பொறுப்பு, மிரட்டல், ஆதரவில்லாத மேலாளர், இவை இப்போது அவிழ்ந்து கிடக்கும் மின்கம்பியைப் போலப் பட்டியலிட்டுச் சரிசெய்ய வேண்டிய ஆபத்துகள். இதை அளக்கத் தெரிந்தவர்களுக்கு இங்கே வேலை கூடியிருக்கிறது. நீங்கள் திருப்பூர் லைனில் பார்த்துச் சொன்ன மூன்று காரணங்களும் அந்தப் பட்டியலில் அப்படியே இருக்கின்றன.

தேம்ஸ்_தமிழ் எழுதியது:

பிரிட்டன் சுருக்கமாக: இங்கே பெயர் "ஆக்குபேஷனல் சைக்காலஜிஸ்ட்". 2009 முதல் அந்தப் பெயர் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது, ஹெச்.சி.பி.சி. என்ற தொழில் பதிவு அமைப்பில் பதிவு வேண்டும். வெறும் "சைக்காலஜிஸ்ட்", "பிசினஸ் சைக்காலஜிஸ்ட்" என்பவற்றுக்குப் பாதுகாப்பில்லை. உளவியல் பட்டம் இல்லாதவர்கள் முதலில் ஓராண்டு மாற்று முதுகலை, பிறகு ஓராண்டு தொழில் உளவியல் முதுகலை, அதன்பின் குறைந்தது 2 ஆண்டு மேற்பார்வையில் பயிற்சி. பர்க்பெக், ஷெஃபீல்ட், கோல்ட்ஸ்மித்ஸ் எல்லாம் இந்தத் துறையில் பேர் பெற்ற இடங்கள்.

விசாக் கணக்கையும் சேர்த்துப் போடுங்கள். படிப்புக்குப் பின் கிடைக்கும் பட்டதாரி விசா 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். பயிற்சியோ 2 ஆண்டு. ஸ்பான்சர் செய்யும் முதலாளி கிடைக்காவிட்டால் பதிவு வரைக்கும் போகாமல் திரும்ப நேரும்.

தறிச்சத்தம் எழுதியது:

நான் தொழிற்சங்கத்தில் இருப்பவன். படிக்கட்டும், வாழ்த்துகள். ஆனால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். சம்பளம் கொடுப்பது முதலாளி, அறிக்கை போவது முதலாளிக்கு. தொழிலாளி மனம் விட்டுச் சொன்னது யாருக்குப் பயன்படும்? டார்கெட்டைக் குறைக்காமல் "மன அழுத்தத்தைத் தாங்கும் பயிற்சி" என்று ஒரு மணி நேரம் மூச்சுப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போன ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பெயர் உளவியல் என்றால் எங்களுக்கு அது வேண்டாம்.

தரமணி_மேசை எழுதியது:

தோழர், இந்தக் கேள்வியை ஒவ்வொரு வகுப்பிலும் முதல் நாளே கேட்க வேண்டும்.

நீங்கள் சொன்ன மூச்சுப் பயிற்சி போன்றவற்றின் எல்லையை இந்தத் துறையே பேசியிருக்கிறது. வேலை வைக்கும் கோரிக்கைகள் ஒரு பக்கம், அதைச் செய்யக் கிடைக்கும் வளங்கள் மறுபக்கம், இரண்டுக்கும் இடையிலான இடைவெளிதான் ஆளைச் சோர்வடைய வைக்கிறது என்ற மாதிரி 2001இல் டெமரூட்டி, பக்கர் முதலிய ஆய்வாளர்கள் கொண்டுவந்தது. 1979லேயே கராசெக் என்ற ஆய்வாளர், பளுவும் அதிகமாக இருந்து தன் வேலை மீது கட்டுப்பாடும் இல்லாமல் இருப்பதுதான் மனதைக் கெடுக்கும் சேர்க்கை என்று காட்டினார். வேலையின் அமைப்பை மாற்று என்பதுதான் இவற்றிலிருந்து வரும் முதல் பரிந்துரை. தனிமனிதருக்குப் பயிற்சி என்பது அதற்குப் பின்னால்தான்.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு முன்னோடி இருக்கிறது, நெசவு ஆலையில் நடந்ததால் உங்களுக்குப் பிடிக்கும். 1953இல் அகமதாபாத் காலிகோ ஆலையில், லண்டன் டேவிஸ்டாக் ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்த ஏ.கே. ரைஸ் தானியங்கித் தறிக் கூடத்தில் வேலை ஒழுங்கை ஆராய்ந்தார். ஒவ்வொருவரும் தனித்தனி வேலையோடு தறிகளுக்கு நடுவே சிதறிக் கிடந்தார்கள், குழு என்ற ஒன்றே இல்லை. ஒரு தொகுதித் தறிகளுக்கு ஒரு சிறு குழு பொறுப்பு என்ற யோசனை முன்வைக்கப்பட்டது. யார் யாரோடு சேருவது என்பதைத் தொழிலாளர்களே பேசி ஏற்பாடு செய்தார்கள். உற்பத்தி கூடியது, சேதத் துணி குறைந்தது. அதே ஊரில் ஜவுளி ஆராய்ச்சிக்காக 1947இல் தொடங்கிய அட்டிராவில் கமலா சௌத்ரி தொழில் உளவியல் பிரிவை வளர்த்துக்கொண்டிருந்த காலம் அது. பின்னால் 1970 வாக்கில் டேவிஸ்டாக்கைச் சேர்ந்த எரிக் மில்லர் காலிகோவுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது ஓரிடத்தில் குழுமுறை நிலைத்திருந்தது, மற்ற இடங்களில் பழைய முறைக்கே சரிந்திருந்தது. எனக்கு அந்தப் பிற்பகுதிதான் முக்கியம். மாற்றத்தைக் கொண்டுவந்தவர் போனபின் எது தங்குகிறது என்று யாரோ ஒருவர் சிரமப்பட்டுத் திரும்பிப் போய்ப் பார்த்தார்.

ரகசியம் பற்றி: சிறிய குழுவின் முடிவைத் தனியாக அறிக்கையில் கொடுக்கக் கூடாது. எட்டுப் பேர் உள்ள ஒரு லைனில் "மூவர் சூப்பர்வைசரைக் குறை சொன்னார்கள்" என்றால் யார் அந்த மூவர் என்று மறுநாளே தெரிந்துவிடும். பதில்கள் யாரிடம் இருக்கும், நிர்வாகம் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே முதல் கேள்வியைக் கேட்க வேண்டும். நிர்வாகம் அதற்கு ஒப்பவில்லையா, அந்த வேலையை எடுக்கக் கூடாது. நொய்யல்கரை, எந்தக் கல்லூரியானாலும் அறநெறித் தாளை யார் நடத்துகிறார்கள், மாணவர் ஆய்வுக்கு நெறிக்குழு அனுமதி கேட்கிறார்களா என்று விசாரியுங்கள். ஒரு துறை எவ்வளவு உண்மையாக நடக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

தறிச்சத்தம் எழுதியது:

காலிகோ கதை எனக்குப் புதிது, நன்றி. முடிவைத் தொழிலாளர்களுக்கும் படித்துக் காட்ட வேண்டும் என்பதையும் அந்த எழுத்து ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

பழைய_ஹெச்ஆர் எழுதியது:

அளவீடு பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அம்மிணி, எம்.எஸ்சி. சேர்ந்தால் கோடை விடுமுறைப் பயிற்சியைக் கண்டிப்பாகத் தொழிற்சாலையில் செய். மருத்துவமனையிலும் பள்ளியிலும் பயிற்சி வாங்கிக் கொடுப்பது துறைகளுக்கு எளிது, கம்பெனிக்குள் இடம் வாங்கித் தருவது கடினம். உனக்கு ஏற்கெனவே ஆட்கள் தெரியும், அது பெரிய பலம். புதிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் கையோடு படித்துவிடு.

நொய்யல்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இப்போது தெளிவாகிவிட்டது. என் வேலை இங்கேதான், இந்தத் தொழிலாளர்களோடுதான். அதனால் வெளிநாட்டுப் பதிவுக்காக எட்டு ஆண்டு ஓட வேண்டியதில்லை. பாரதியார், புதுச்சேரி இரண்டுக்கும் விண்ணப்பிக்கிறேன், பி.காம். தகுதியாகுமா என்று நாளைக்கே அலுவலகத்தில் கேட்கிறேன். வேலையை விட்டால் இரண்டு ஆண்டுக்குக் கையிருப்பு போதும். முனைவர் பட்டம் பற்றிப் பிறகு யோசிப்பேன்.

சேருவதற்கு முன் இருக்கும் மாதங்களில் புள்ளியியல் கற்றுக்கொள்ள எங்கிருந்து தொடங்கலாம்? ஆள் நிலைக்காத பிரச்சினையையே எடுத்துக்கொண்டு பழகலாமா?

கெழு_காதலன் எழுதியது:

கல்லூரியில் புள்ளியியல் நடத்துபவன் என்பதால் இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். மென்பொருளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். ஜமோவி இலவசம், ஆர் மொழியின் மேல் இயங்குவது, மௌஸை வைத்தே பழகலாம். சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு, ரெக்ரஷன், க்ரான்பாக் ஆல்ஃபா (கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்ற அளவு), காரணி ஆய்வு (எந்தக் கேள்விகள் ஒரே தொகுதியாகச் சேருகின்றன என்று பார்ப்பது) என்ற வரிசையில் போங்கள். முதல் நான்கும் கைக்கணக்காகப் போட்டுப் பழகினால் பின்னால் வருபவை பயமுறுத்தாது.

உங்கள் கேள்விக்கு யாரிடமும் படிவம் கொடுத்து நிரப்பச் சொல்ல வேண்டியதே இல்லை. ஒவ்வொருவர் சேர்ந்த தேதி, நின்ற தேதி, எந்த லைன், இது ரெஜிஸ்டரில் இருக்கும். நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, பெயரையும் டோக்கன் எண்ணையும் நீக்கிவிட்டு எடுங்கள். சராசரிப் பணிக்காலம் மட்டும் கணக்கிட்டால் தவறாகப் போகும், ஏனென்றால் இன்னும் வேலையில் இருப்பவர்களின் காலம் முடியவில்லை. அவர்களை விட்டுவிட்டாலும் தவறு, நின்றவர்களாக எண்ணினாலும் தவறு. இதற்கென்றே கப்லான்-மையர் என்ற முறை 1958இலிருந்து இருக்கிறது. மருத்துவத்தில் நோயாளிகள் பிழைத்திருக்கும் காலத்தை அளக்கப் பயன்படுவது, பணிக்காலத்துக்கும் அப்படியே பொருந்தும். எத்தனை மாதம் கழித்து எத்தனை பேர் நிலைத்திருக்கிறார்கள் என்று காட்டும் கோடு லைனுக்கு ஒன்று வரும். இரண்டு லைன்கள் முதல் மாதத்திலேயே பிரிகின்றனவா, பண்டிகைக்குப் பிறகுதான் பிரிகின்றனவா என்று அதில் தெரியும். முதல் மாதத்திலேயே பிரிந்தால் பயிற்சியையும் சூப்பர்வைசரையும் பாருங்கள். பண்டிகைக்குப் பின் என்றால் ஊருக்குப் போனவர்களிடம் போனில் பேசித்தான் ஆக வேண்டும்.

அட்டவணை தயாரானதும் நெடுவரிசைகளின் பெயர்களை மட்டும் இங்கே போடுங்கள், தரவு வேண்டாம். எப்படிக் குறியிடுவது என்று சொல்கிறேன்.